அழுகை அடங்கட்டும், பிறகு அமுக்குங்கள்

சிதம்பரத்தில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பரங்கிப்பேட்டை, சேத்தியாத்தோப்பு என்று நாலா பக்கமிருந்தும் இளைக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூச்சு திரும்பி வீட்டுக்குப் போகும்போது அம்மா கையில் ஒரு இன்ஹேலர், ஒரு ஸ்பேசர், ஒரு சின்ன மாஸ்க் இருக்கும். இரண்டு நாள் கழித்து ஃபோன் வரும். "சிஸ்டர், மாஸ்க்கைப் பார்த்தாலே அலறுறான். என்ன பண்றது?"

ஒன்றிலிருந்து நாலு வயது வரையிலான பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை பஃப், எத்தனை மாதம் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. அது பிள்ளையின் நெஞ்சுக்குள் போய்ச் சேரும் வழியைத்தான் நான் சொல்ல முடியும்.

1. முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை மாஸ்க்கைப் பார்க்கும் முன்னால் உங்கள் முகத்தைப் பார்க்கிறது. "இதை ஆரம்பிச்சா காலம் பூரா விட முடியாதாமே", "பம்ப் அடிச்சா உடம்பு அதுக்கே பழகிடுமாமே", "பொம்பளப் பிள்ளையாச்சே, நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தால் கை தயங்கும். அந்தத் தயக்கம் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். இளைப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதே சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் மூச்சுக்குழாய்க்கு வருகிறது. அதற்குள் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பிள்ளை ராத்திரி தூங்காமல் துள்ளும். ஊதும் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது, சில நிமிடங்களில் மூச்சு இளகுகிறது. சிரப்பைப் பயமில்லாமல் கொடுத்துவிட்டு இன்ஹேலருக்குப் பயப்படுகிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பயம் இடம் மாறியிருக்கிறது.

தினமும் ஊதும் தடுப்பு மருந்து ஸ்டீராய்டு என்று கேட்டதும் பிள்ளை வளராமல் போய்விடும் என்று பதறுவீர்கள். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமா பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2012-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வருடக்கணக்கில் பியூடசொனைடு என்ற ஸ்டீராய்டை ஊதிய பிள்ளைகள் பெரியவர்களானபோது, அது இல்லாத பிள்ளைகளைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவாக இருந்தார்கள். ஒரு விரல் அகலம்கூட இல்லை. ராத்திரி தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், மாதத்துக்கு ஒரு முறை வார்டில் படுத்துக் கிடக்கும் பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிடும்? இந்தச் சந்தேகத்தை டாக்டரிடம் நேராகக் கேட்டுத் தீர்த்துக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும். மனசில் வைத்துக்கொண்டு பாதி நாள் போட்டுப் பாதி நாள் விடுவதால்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிறார்கள்.

2. வீட்டில் இரண்டு இன்ஹேலர் இருந்தால், ஒன்று இளைப்பு வந்தபோது மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவது, இன்னொன்று வராமல் தடுக்கத் தினமும் போடுவது. டப்பாவின் நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்கெட்ச் பேனாவால் ஒன்றில் "தினமும்", மற்றதில் "இளைப்புக்கு" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நடுராத்திரி, பாதித் தூக்கத்தில், கண்ணாடி போடாத ஆயாகூடப் படிக்கும்படி இருக்க வேண்டும்.

3. நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். அழும் பிள்ளைக்கு மருந்து ஏறாது.

"அழும்போது நல்லா வாயத் தொறந்து இழுக்குது, அதனால மருந்து முழுசா உள்ள போகும்" என்று பலர் நம்புகிறார்கள். மருத்துவமனையில் வேலை செய்பவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மை நேர்மாறு. அழுகை என்பது நீளமான வெளிமூச்சு. நடுநடுவே வெடுக்கென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அந்த வேக இழுப்பில் மருந்துத் துளிகள் தொண்டையிலும் நாக்கிலும் மோதி ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும். 1999-இல் பிரிட்டனில் இதை அளந்தே பார்த்தார்கள். கைக்குழந்தைகளுக்கு அழும்போதும் அமைதியாக இருக்கும்போதும் ஒரே மருந்தை ஊதக் கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கெடுத்தார்கள். அழுதபோது உடம்பில் சேர்ந்தது மிகக் குறைவு.

முகத்தைத் திருப்பும் பிள்ளைக்கு மாஸ்க்கை ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து "காத்துல போனாலும் போகட்டும்" என்று அமுக்குவதும் வீண். கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தாலே மருந்தில் பெரும்பகுதி வெளியே போய்விடும்.

அதனால் தினசரி மருந்தைப் பொறுத்தவரை கை காலைப் பிடித்து, மூக்கை அழுத்தி, ஒரு நிமிடத்தில் வேலையை முடிக்கும் வழியை மறந்துவிடுங்கள். இன்றைக்கு முடிந்த மாதிரி தெரியும். மருந்தும் போயிருக்காது, நாளைக்குப் பிள்ளை ஸ்பேசர் இருக்கும் அறைக்குள்ளேயே வராது. முதல் சில நாள் ஒரு வேளை முழுசாகப் போகாவிட்டாலும் பரவாயில்லை என்று டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அந்த நாட்களைப் பழக்குவதற்குச் செலவிடுங்கள்.

4. பழக்குவது எப்படி? இன்ஹேலரைக் கழற்றிவிட்டு ஸ்பேசரையும் மாஸ்க்கையும் விளையாட்டுச் சாமான் கூடையில் போடுங்கள். உருட்டட்டும், கடிக்கட்டும், அதற்குள் கத்தட்டும். குரல் மாறிக் கேட்கும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். முதலில் பொம்மைக்கு மாஸ்க், பிறகு தாத்தாவுக்கு, பிறகு அம்மாவுக்கு, கடைசியில்தான் அவனுக்கு. மருந்து இல்லாத வெறும் மாஸ்க்குதான். உங்கள் மேல் மருந்தை அடித்துக்கொள்ள வேண்டாம்.

பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒரு ஆயா பேரனோடு வந்திருந்தார். இரண்டு வயது இருக்கும். யார் மாஸ்க்கை எடுத்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஆயா அவனைக் கூப்பிடவே இல்லை. கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, மாஸ்க்கைத் தன் மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஐந்து வந்ததும் எடுத்துவிட்டு, "அப்பாடி" என்று பெருமூச்சு விட்டார். மறுபடியும் ஒன்றிலிருந்து. மூன்றாவது தடவை பையன் பாதி உடம்போடு வெளியே வந்தான். அடுத்த தடவை ஆயா மூன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். "நாலு" என்றான் அவன். சற்று நேரத்தில் ஆயா முகத்திலிருந்து மாஸ்க்கைப் பிடுங்கித் தன் முகத்தில் தானே வைத்துக்கொண்டான். ஆயா எண்ணிக்கொண்டே போனார். நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. அன்றைக்கு மருந்து அடிக்கவே இல்லை. மறுநாள் காலையில் அடித்தோம், அழவில்லை.

மாஸ்க் பழகியதும் சத்தத்தைப் பழக்குங்கள். "புஸ்" என்று வரும் அந்தச் சத்தம்தான் பல பிள்ளைகளைத் திடுக்கிட வைக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு முறை நீங்கள் அடித்துக் காட்டலாம். புது இன்ஹேலரை எப்படியும் முதலில் இரண்டு முறை காற்றில் அடித்துத்தான் தொடங்க வேண்டும். அதை அவன் கண் முன்னால் செய்யுங்கள்.

5. உட்காரும் விதம். நேருக்கு நேர் உட்கார்ந்து மாஸ்க்கை முகத்துக்கு எதிரே கொண்டு போனால் எந்தப் பிள்ளையும் பின்வாங்கும். மடியில் முதுகு உங்கள் நெஞ்சில் சாயும்படி, இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி உட்காருங்கள். எதிரே பீரோ கண்ணாடி இருந்தால் நல்லது, என்ன நடக்கிறது என்று அவனும் பார்ப்பான். இடது கை அவன் இரண்டு கையையும் சேர்த்து அணைத்தபடி, வலது கையில் ஸ்பேசர். தலை நிமிர்ந்து, உங்கள் மாரில் சாய்ந்து இருக்கட்டும். படுக்க வைத்துக் கொடுக்காதீர்கள். மார்கழிக் குளிரில் மாஸ்க் சில்லென்று இருக்கும், உள்ளங்கையில் கொஞ்சம் சூடாக்கி வையுங்கள்.

6. இனி கை வேலை. இன்ஹேலர் மூடியைத் திறந்ததும் வாய்ப்பகுதிக்குள் பாருங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்குள் மணி, பருப்பு எல்லாம் கிடக்கும். ஐந்தாறு முறை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்துங்கள். மாஸ்க்கை முதலில் தாடையில் பதித்து, பிறகு மூக்குத்தண்டு மேல் சாயுங்கள். மூக்கும் வாயும் உள்ளே, கண் வெளியே. உடனே அமுக்காதீர்கள். இரண்டு மூன்று மூச்சு விடட்டும். வால்வு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் மாஸ்க் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது ஒரு முறை அமுக்குங்கள். மாஸ்க்கை எடுக்காமல் ஐந்தாறு மூச்சு, அல்லது நிதானமாகப் பத்து வரை எண்ணுங்கள். இரண்டு பஃப் எழுதியிருந்தால் அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, தனியாக அடிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக அமுக்கினால் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இன்ஹேலர் என்ற இந்தக் குட்டி டப்பா ஒரு பெண் பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. 1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சனுக்கு ஆஸ்துமா உள்ள 13 வயது மகள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் டப்பாவில் வரக்கூடாதா என்று அவள் கேட்டாள். அடுத்த வருடமே அது விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அமுக்குகிற நொடியும் மூச்சிழுக்கிற நொடியும் பொருந்த வேண்டும், பெரியவர்களுக்கே அது சரியாக வராது. ஸ்பேசர் அந்தக் கஷ்டத்தைப் போக்கிவிட்டது. மருந்து உள்ளே தங்கி நிற்கும், பிள்ளை தன் இஷ்டத்துக்கு மூச்சு விட்டால் போதும். அதனால் ஸ்பேசர் இல்லாமல் நேராக வாயில் அடிப்பது சின்னப் பிள்ளைக்கு உதவாது. "இழு, இழு" என்று கத்தவும் வேண்டாம்.

7. "மருந்து போட்டுக்கலாமா?" என்று கேட்காதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளை "வேணாம்" என்றுதான் சொல்லும், அதை நீங்கள் ஏற்க முடியாது. கேட்டுவிட்டு மீறினால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். அவன் முடிவு செய்யக்கூடியதைக் கேளுங்கள். அம்மா மடியா, அப்பா மடியா? சோபாவிலா, திண்ணையிலா? மூடியை நீ திறக்கிறாயா, நான் திறக்கட்டுமா? யார் எண்ணுவது? அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் வீடியோ காலில் அவர் பத்து எண்ணட்டும். நம் கடலூர் மாவட்டத்தில் இப்படி எத்தனையோ வீடுகள். தூரத்தில் இருக்கும் தகப்பனுக்கும் அது ஒரு வேலை.

8. பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள். சாக்லேட் என்று சொல்லி மாஸ்க்கை வைத்தால் அடுத்த முறை நிஜ சாக்லேட்டையே சந்தேகமாகப் பார்க்கும். "போட்டுக்கலன்னா டாக்டர் ஊசி போடுவாரு", "சிஸ்டர் ஆன்ட்டி வந்துடுவாங்க" என்ற மிரட்டலும் வேண்டாம். நாளைக்கு நிஜமாகவே மூச்சு முட்டும்போது அந்த டாக்டர் கையிலும் சிஸ்டர் கையிலும்தான் பிள்ளையைக் கொடுக்கப் போகிறீர்கள். முடிந்ததும் கன்னத்தில் ஒரு முத்தம், ஸ்பேசரில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர், தெருவில் ஒரு சுற்று. அது போதும். பிடித்த பாட்டு செல்ஃபோனில் ஓடினால் அமைதியாக இருக்கிறானா, ஓடட்டும். அந்தப் பாட்டை இந்த நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. நேரமும் இடமும் மாறக்கூடாது. காலையில் பல் தேய்க்கும் முன், இரவில் பல் தேய்க்கும் முன் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வேலை ஒன்றாக முடியும். ஸ்டீராய்டு மருந்துக்குப் பிறகு வாயைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். கொப்பளிக்கத் தெரியாத பிள்ளைக்கு இரண்டு வாய் தண்ணீர் கொடுத்து, மாஸ்க் பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

10. தூங்கும்போது கொடுத்துவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். நெதர்லாந்தில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள், விழித்தவர்களில் பெரும்பாலானோர் மிரண்டு அழுதார்கள். தூக்கத்தில் முகத்தை ஏதோ மூடினால் யாருக்குத்தான் பயம் வராது? அதன்பிறகு தூங்கவே பயப்படும் பிள்ளையைச் சமாளிப்பது இன்னும் கஷ்டம்.

11. இளைப்பு வந்துவிட்ட நேரம் வேறு. மேலே சொன்ன பொறுமையெல்லாம் தினசரி மருந்துக்கு. மூச்சு வாங்கும்போது பழக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அப்போது அழுதாலும் கொடுக்கத்தான் வேண்டும், போகிற அளவு போகட்டும். ஆனால் கோபத்தோடு பிடிக்காதீர்கள். ஒரு பெரிய துண்டால் தோளோடு சுற்றி, மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, காதருகே மெதுவாகப் பேசியபடி மாஸ்க்கைப் பொருத்துங்கள். வீட்டில் இருக்கும் நாலு பேரும் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்லக்கூடாது, ஒருவர் குரல் மட்டும் கேட்கட்டும். முடிந்த பிறகு நீண்ட நேரம் மடியிலேயே வைத்திருங்கள். சாதாரண நாளில் மாஸ்க்கோடு நட்பாகிவிட்ட பிள்ளை இந்த நாளில் பாதிகூடப் போராடாது. தினசரிப் பழக்கத்தின் முழு லாபமும் இங்கேதான் வருகிறது.

எத்தனை பஃப், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, எப்போது கிளம்பி வர வேண்டும் என்பதை டாக்டர் கையால் தாளில் எழுதி வாங்கி, சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

12. நெபுலைசர் மெஷின் வாங்க வேண்டுமா என்றால், டாக்டர் வற்புறுத்தாதவரை வேண்டாம் என்பேன். சாதாரண இளைப்புக்கு மாஸ்க்கோடு கூடிய ஸ்பேசர் அதற்குக் குறைந்ததில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. மெஷின் வைத்தால் பத்து நிமிடம் பிள்ளையைப் பிடித்து வைக்க வேண்டும், இரைச்சல் வேறு. ஸ்பேசரில் ஒரு நிமிட வேலை. இன்னொன்று, நம் ஊர் புயல் ஊர். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. முந்திரித் தோப்பும் பலாமரமும் சாய்ந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில், ஈரக் காற்றில் பிள்ளைக்கு இளைக்கும்போது, மெஷின் மூலையில் கிடக்கும். இன்ஹேலருக்குக் கரண்ட் வேண்டாம். மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு இன்ஹேலர் கூடுதலாக வாங்கி வையுங்கள். மீதி எண்ணிக்கையைக் காட்டும் டப்பா என்றால் எண்ணைப் பாருங்கள். காட்டாது என்றால் தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் காற்று மட்டும் "புஸ்" என்று வந்துகொண்டிருக்கும். தினமும் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

13. வீட்டுப் பெரியவர்களோடு சண்டை வேண்டாம். குளிப்பாட்டிவிட்டு சாம்பிராணிப் புகை காட்டினால்தான் சளி பிடிக்காது என்று ஆயா நம்புகிறார். அவர் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார். ஆனால் இளைக்கும் பிள்ளைக்குப் புகை ஆகவே ஆகாது. சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், விறகடுப்பு, தாத்தாவின் பீடி, போகியன்று தெருவில் எரியும் டயர், எதுவும் ஆகாது. இதை நீங்கள் சொன்னால் மாமியார் மருமகள் வழக்காகிவிடும். டாக்டரிடம் அவரையும் கூட்டிப்போய், டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். பிறகு ஸ்பேசரை அவர் கையில் கொடுத்து, எண்ணும் பொறுப்பையும் கொடுங்கள். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

"எங்க காலத்துல இப்படி ஊதறதெல்லாம் ஏது?" என்று கேட்டால் அவருக்கு ஒன்று சொல்லலாம். ஊமத்தைப் புகையை இரைப்புக்குப் பிடிக்கும் வழக்கம் இந்த மண்ணில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அதைச் சென்னையிலிருந்துதான் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு வழியாகவே மூச்சுக்கு மருந்து தருவது நம் முன்னோர்களுக்குத் தெரிந்த வழிதான். ஆனால் ஊமத்தை விஷம், பிள்ளைகளிடம் அதைப் பரீட்சித்துப் பார்க்கவே கூடாது.

வீட்டுப் புகையை நிறுத்தலாம், ஊர்ப் புகை நம் கையில் இல்லை. கரும்பு வெட்டிய பிறகு சோகை கொளுத்தும் நாட்களில் நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்புப் பக்கம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளத்தான் முடியும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ராத்திரிக் காற்றில் வரும் ரசாயன நாற்றம் பற்றி மக்கள் பல வருடமாகப் புகார் சொல்கிறார்கள். 2004-இல் அந்த ஊர்க்காரர்கள் தாங்களே கண்காணிப்புக் குழு அமைத்து, எந்தத் தேதியில் எந்த நேரத்தில் என்ன நாற்றம் என்று நோட்டில் குறித்தார்கள், காற்றைப் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். அவர்களைப் போல நீங்களும் ஒரு நோட்டு வையுங்கள். பிள்ளைக்கு இளைத்த நாள், நேரம், அன்று வீட்டிலும் வெளியிலும் என்ன புகை, என்ன சாப்பிட்டான், சளி இருந்ததா. டாக்டருக்கு அது உதவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதவும் உதவும். நம் பிள்ளைகளுக்கு நல்ல காற்று கிடைக்க வேண்டும் என்று கேட்பது எந்தத் தாய்க்கும் உள்ள உரிமை.

14. ஸ்பேசரை வாரத்துக்கு ஒரு முறை, முடியாவிட்டால் மாதத்துக்கு ஒரு முறையாவது கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கியெடுத்துத் தானாகக் காயவிடுங்கள். புதிதாக வாங்கியதையும் இப்படிக் கழுவிவிட்டே தொடங்குங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தெல்லாம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

15. எல்லா வீசிங்கும் ஆஸ்துமா ஆகிவிடாது. சளி பிடிக்கும்போது மட்டும் இளைக்கும் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில் அது நின்றுவிடுகிறது. அதே சமயம், இளைப்பில்லாத நாட்களில் பிள்ளை ஓடி விளையாடுகிறான் என்று தினசரி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து வேலை செய்வதால்தான் ஓடுகிறான். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் படிப்படியாகச் செய்வது.

இன்னொரு எச்சரிக்கை. இது மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் மாவட்டம், முந்திரி உடைக்கும் மாவட்டம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை எதையோ மென்றபடி திடீரென்று புரையேறி இருமி, அதிலிருந்து இளைக்க ஆரம்பித்தால் அது வீசிங் என்று நினைத்து பஃப் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். பருப்பு மூச்சுக்குழாயில் மாட்டியிருக்கலாம். இருமல் நின்றுவிட்டாலும் அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். நாலு வயது ஆகும்வரை முழு மல்லாட்டை, முழு முந்திரி, பொட்டுக்கடலை எதையும் கையில் கொடுக்க வேண்டாம்.

16. எப்போது வீட்டில் இருக்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, தொண்டைக்குழி உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா? அழாமல் இருக்கும்போது வயிற்றைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு மூச்சு வாங்கினால், அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டால், உதடு நீலம் பூத்தால், டாக்டர் எழுதிய பஃப் கொடுத்தும் இளகாவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரைச்சல் சத்தம் குறைந்துவிட்டதே என்று நிம்மதி அடையவும் கூடாது. காற்றே போகாதபோதும் சத்தம் வராது.

108-ஐக் கூப்பிடுங்கள். கடலூர் பக்கம் என்றால் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரம் பக்கம் என்றால் ஊருக்குள் காமராஜ் அரசு மருத்துவமனை, அண்ணாமலை நகரில் எல்லோரும் ராஜா முத்தையா என்று சொல்லும், இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட பெரிய ஆஸ்பத்திரி. இன்ஹேலர், ஸ்பேசர், டாக்டர் எழுதிய தாளின் ஒரு ஜெராக்ஸ், நோட்டு நாலையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வைத்திருந்தால் தேட வேண்டியதில்லை. வண்டி வரும்வரை பிள்ளையைப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி வைத்து, தாளில் எழுதியபடி பஃப் கொடுத்துக்கொண்டே இருங்கள். எத்தனை கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று யாராவது ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். வார்டுக்குப் போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.